வாடாமல்லி

வாடாமல்லி, கீரைகளின் குடும்பமான அமராந்தேசியேவைச் சேர்ந்த ஒருபருவச் செடி. தாவரவியல் பெயர் கோம்ஃப்ரீனா குளோபோசா; 1753இல் லின்னேயஸ் சூட்டியது. தண்டுக்கீரையும் கோழிக்கொண்டையும் இதற்கு உறவு. பிறந்த மண் அமெரிக்க வெப்பமண்டலம். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் அதிகம் பராமரிக்காமலே பூக்கும் வீட்டுத் தோட்டச் செடிகளில் இதுவும் ஒன்று.

குளிர்நாட்டார் விரும்பும் ஸ்கேபியோசாவின் பூ, குண்டூசி செருகிய சிறு மெத்தை போலத் தெரியும். படத்தைப் பார்த்து அதன் விதையை வாங்கி விழுப்புரத்துச் சித்திரை வெயிலில் போடுவது வீண். அதே உருண்டை வடிவை இந்த வெயிலில் தரக்கூடியது வாடாமல்லிதான்.

அடையாளம் காண்பது எளிது. செடி இரண்டடி உயரம் வரை நிமிர்ந்து வளரும். தண்டில் மென்மயிர் படர்ந்திருக்கும், கணுக்கள் சற்றுப் புடைத்திருக்கும். இலைகள் எதிரெதிராக இணையிணையாக அமையும். பூக்கொத்துக்குக் கீழே இலை போன்ற இரண்டு செதில்கள் தாங்கி நிற்கும். நாம் இதழ் என்று நினைக்கும் கருஞ்சிவப்புப் பகுதி உண்மையில் இதழன்று. காகிதம் போல் உலர்ந்த பூவடிச்செதில்களின் அடுக்கு. அவற்றின் இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும் வெளிர்நிறப் புள்ளிகளே மெய்யான பூக்கள். செதிலில் தொடக்கம் முதலே ஈரம் குறைவு. அதனால்தான் பறித்த பின்னும் வடிவம் குலைவதில்லை. அதன் நிறம் பீட்ரூட்டிலும் காகிதப்பூவிலும் உள்ள பீட்டாசயனின் வகையைச் சேர்ந்தது. வெள்ளை, இளஞ்சிவப்பு நிற வகைகளும் உண்டு.

குழப்பக்கூடிய செடிகள் இரண்டு. சாலையோரத்தில் தரையோடு படர்ந்து, சிறிய வெள்ளைத் தலைகளோடு பூக்கும் களையும் கோம்ஃப்ரீனா பேரினத்ததே. அதன் பூந்தலை முதிர முதிர நீண்டு கதிர் போலாகிவிடும். வாடாமல்லி உருண்டை வடிவை அவ்வளவாக இழக்காது. கடலைக் கொல்லைகளில் களையாக முளைக்கும் பண்ணைக்கீரைக்கோ பூ கூர்ங்கதிராக நிற்கும், இலைகள் மாறிமாறி அமையும். பூக்கும் முன்பே இலையடுக்கைப் பார்த்துப் பிரித்துவிடலாம்.

வெயிலைத் தாங்கும் திறனுக்கு ஒரு காரணம், சோளத்தையும் கரும்பையும் போல இதுவும் சி4 முறையில் ஒளிச்சேர்க்கை செய்வது. கடும் வெப்பத்திலும் குறைந்த நீரைக் கொண்டு மாவுச்சத்து உண்டாக்க இம்முறை உதவுகிறது. ஆனால் வேர் பிடிக்கும் வரை நாற்றுக்குத் தண்ணீர் தவறக்கூடாது. 'வறட்சி தாங்கும்' என்ற சொல்லை நம்பி முதல் மாதமே காயவிடுவோர் பலர்.

உண்மையில் இவ்வட்டாரத்தில் இதற்குப் பகை வெயிலன்று, ஐப்பசி கார்த்திகை மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப் பெய்து தேங்கும் நீரில் வேர் அழுகிவிடும். அதனால் மழை ஓய்ந்த பிறகு, தைப் பட்டத்தில் விதைப்பதே நல்லது. ஆடியில் விதைத்தால் புரட்டாசியில் பூக்கும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்து வரும் மழைக்கு மேட்டுப்பாத்தியோ மண்தொட்டியோ வேண்டும்.

மண் எதுவானாலும் நீர் வடிய வேண்டும். டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்களைத் தந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்தில் உள்ளது. கடலை நன்கு விளையும் இளகிய செம்மண் வாடாமல்லிக்கும் பொருந்தும். களிமண் மனையானால் மணலும் மக்கிய தொழு உரமும் கலந்து பாத்தியை உயர்த்திக்கொள்ளலாம். உரம் மிகுந்தால் இலைதான் பெருகும்.

விதையைப் பஞ்சு போன்ற உறை போர்த்தியிருக்கும். ஓரிரவு ஊறவைத்து மேலாகத் தூவி, மெல்லிய மண் மூடினால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைக்கும். நான்கைந்து இலை வந்ததும் ஓரடி இடைவெளியில் நட்டு, வேர் பிடித்தபின் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக்கிளைகள் வெடித்துப் பூ கூடும். விதைத்த இரண்டு, இரண்டரை மாதத்தில் பூ வரும். உதிர்ந்த விதை அடுத்த ஆண்டு தானே முளைப்பதால் மறுபடி விதைப்பது பல வீடுகளில் தேவைப்படுவதில்லை.

மணமில்லாத பூ என்பதால் தனிச்சரமாகத் தலையில் சூடுவது குறைவு. மாலையிலும் கதம்பத்திலும் நிறத்துக்காகச் சேர்ப்பார்கள். புடவைக் கடைகளில் 'வாடாமல்லிக் கலர்' என்றால் விளக்கம் கேட்பாரில்லை. நேபாளத்தில் திகார் பண்டிகையின்போது சகோதரிகள் சகோதரருக்கு அணிவிக்கும் மாலை இப்பூவால் ஆனது. ஹவாயிலும் இதை மாலையாகக் கோக்கிறார்கள். தாவர நோயியல் ஆய்வகங்களில் இதற்கு வேறொரு வேலை: உருளைக்கிழங்கைத் தாக்கும் எக்ஸ் வைரஸ் தொற்றிய செடியின் சாற்றை இதன் இலையில் தேய்த்தால் சில நாளில் செந்நிற விளிம்புள்ள புள்ளிகள் தோன்றும். வைரஸ் இருப்பதை அதைக் கொண்டு அறிவார்கள்.

உலர்த்த விரும்பினால் பூ முழுதாக விரிந்ததும் நீண்ட காம்போடு வெட்டி, கட்டாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். நேர் வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுத்துப்போகும்.