எவரெஸ்ட், ஜார்ஜ் (1790–1866)

வங்காளப் பீரங்கிப்படை அதிகாரி, நில அளவையாளர். 1806இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். ஜாவாத் தீவில் அளவைப் பணி பழகியபின், 1818இல் வில்லியம் லாம்டனுக்கு உதவியாளரானார். பரங்கிமலை அருகே 1802இல் லாம்டன் தொடங்கிய மாபெரும் முக்கோண அளவை, 1823இல் அவர் இறந்ததும் இவர் பொறுப்புக்கு வந்தது. உடல் நலிந்து 1825இல் இங்கிலாந்து திரும்பியவர், 1830இல் தலைமை நில அளவையாளராக மீண்டும் வந்தார்.

குமரிமுனை முதல் இமய அடிவாரம் வரை சுமார் 2,400 கிலோமீட்டர் நீளும் தீர்க்கரேகை வில்லை அளந்து முடித்ததே இவரது உண்மையான சாதனை. இவர் பெயர் தாங்கிய எவரெஸ்ட் சிகரத்தின் புகழ் அதை மறைத்துவிட்டது. சிகரத்துக்கு இவர் பெயரை 1856இல் முன்மொழிந்தவர், இவருக்குப் பின் தலைமை நில அளவையாளரான ஆண்ட்ரூ வா. உள்ளூர் மக்களால் உச்சரிக்க இயலாது என்று எவரெஸ்டே தயங்கினார். ராயல் புவியியல் கழகம் 1865இல் அப்பெயரை ஏற்றது.