மன்றோவின் கணக்கில் ஒரு விடுபட்ட பத்தி

ரேணிகுண்டாவுக்கு மாற்றலாகி வந்து நான்கு வருடம் ஆகிறது. திருநெல்வேலிக்காரனுக்கு இந்த ஊரில் மொழிக் கஷ்டம் அதிகம் இல்லை. கடைத்தெருவில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள். ஆனால் என் மகள் பள்ளியில் படிப்பது தெலுங்கும் ஆங்கிலமும் இந்தியும்தான். தமிழ் வீட்டில் மட்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

இந்த வருடம் வீட்டம்மா திருப்பதியில் எம்.எட். சேர்ந்திருக்கிறார். கல்வி ஆராய்ச்சி முறைகள், மதிப்பீடு என்று பாடங்கள். "ஏங்க, நீங்க பி.காம். தானே, இந்தப் புள்ளியியலைக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்" என்றார். சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தவன் மாணவனாகிவிட்டேன். அப்போது படித்த கதை இது.

திருமலைக் கோயிலில் நைவேத்தியம் வைக்கும் பெரிய பாத்திரம் ஒன்றுக்கு மன்றோ கங்காளம் என்று பெயர். அந்த மன்றோதான் சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ. 1822 ஜூனில் அவர் ஒரு வேலையைத் தொடங்கினார். மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை மாணவர்கள், எந்தெந்த சாதி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கட்டம் போட்டு எல்லா கலெக்டர்களுக்கும் படிவம் போனது. அப்போது இந்த ரேணிகுண்டா பக்கமெல்லாம் வட ஆற்காடு ஜில்லா. சித்தூர் ஜில்லா பிறந்தது 1911ல்தான்.

பதில்கள் வந்து சேரவே சில வருடங்கள் ஆயின. பெல்லாரி கலெக்டர் காம்பெல் 533 பள்ளிகள், 6,641 மாணவர்கள் என்று எழுதியதோடு, பிள்ளைகள் பொருள் தெரியாமல் செய்யுளை ஒப்பிக்கிறார்கள் என்றும் குறை சொன்னார். கன்னட ஜில்லா கலெக்டரோ படிவத்தை நிரப்பவே இல்லை. கிளையிலிருந்து ஸ்டேட்மென்ட் வராமல் தலைமை அலுவலகம் தவிக்கிற கதை அன்றைக்கே இருந்திருக்கிறது!

1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பில் மொத்தக் கணக்கு வருகிறது. பள்ளிகள் 12,498. மாணவர்கள் 1,88,650. மக்கள்தொகை 1,28,50,941. அதாவது சுமார் 68 பேருக்கு ஒருவர்தான் பள்ளியில். இதோடு நிறுத்தியிருந்தால் அவர் சாதாரண அதிகாரி. மன்றோ நிறுத்தவில்லை. கிழவரையும் கைக்குழந்தையையும் சேர்த்து வகுத்தால் எப்படி என்று யோசித்தார். ஆண்களை மட்டும் எடுத்து, அதில் ஐந்து முதல் பத்து வயதுவரை உள்ளவர்கள் ஒன்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் சுமார் 7,13,000 பையன்கள். பள்ளியில் இருந்தவர்கள் 1,84,110. ஆக, நாலில் ஒருவருக்குச் சற்று மேல். (கழித்துப் பார்த்தால் பெண்கள் வெறும் 4,540. அதையும் மறக்கக்கூடாது.)

அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். சென்னைப் பட்டணத்தில் வீட்டிலேயே படித்த பிள்ளைகள் 26,963 என்று வந்திருந்தது. அந்த எண்ணில் ஏதோ பிழை இருக்கலாம் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். ஆனாலும் வீட்டுப் படிப்பைத் தள்ளிவிட முடியாது என்று, உண்மை விகிதம் நாலில் ஒன்றைவிட மூன்றில் ஒன்றுக்கே நெருக்கம் என்று முடித்தார்.

எங்கள் பி.காம். வகுப்பில் முதல் வருடமே சொல்வார்கள்: ஒரு வரவையோ செலவையோ எழுதாமலே விட்டுவிட்டால் ட்ரையல் பேலன்ஸ் அழகாக டாலி ஆகும். தப்பு வெளியே தெரியாது. வீட்டில் படித்த பிள்ளைகள் அந்த மாதிரி.

இந்தக் கணக்கு நூறு வருடம் கழித்தும் சண்டை போட வைத்தது. 1931 அக்டோபர் 20ல் லண்டனில் காந்தி, ஐம்பது நூறு வருடத்துக்கு முன்பு இந்தியாவில் எழுத்தறிவு இப்போதைவிட அதிகம் என்று பேசினார். ஆதாரம் எங்கே என்று கேட்டவர் சர் பிலிப் ஹார்டாக், டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1983ல் தரம்பால் பழைய கலெக்டர் அறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டபோது விவாதம் மறுபடி உயிர் பெற்றது.

ஹார்டாக்கும் சும்மா ஆள் இல்லை. 1935ல் அவரும் ரோட்ஸும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். 15 சரித்திர விடைத்தாள்கள், 14 பரீட்சகர்கள். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அதே தாள்களை அதே ஆட்களிடம் மறுபடி கொடுத்தார்கள். 210 தீர்ப்புகளில் 92 மாறிப்போயின! முதலில் பாஸ் போட்டவரே பிறகு ஃபெயில் போட்டார். ரிப்போர்ட் கார்டைப் பார்த்துப் பிள்ளைகளைத் திட்டும் நாம் (நான்தான் முதல் ஆள்) கொஞ்சம் நிதானிக்கலாம்.

வீட்டம்மாவின் ஆய்வு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எந்தெந்த மொழி படிக்கிறார்கள் என்பது பற்றி. அவர் போட்டிருந்த படிவத்தில் பள்ளிப் பாடங்கள் மட்டும்தான் இருந்தன. அதன்படி என் மகள் தமிழ் தெரியாதவள். மன்றோவைப் படித்த மறுநாள் ஒரு பத்தி சேர்த்தார்: "வீட்டில் யாராவது சொல்லிக் கொடுக்கும் மொழி எது? யார்?"

மகளிடம் சோதனைக்குக் கொடுத்தோம். "தமிழ். ஆச்சி, போன்ல" என்று எழுதினாள். அப்பா என்று எழுதுவாள் என எதிர்பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி எனக்குத் தூக்கத்திலேயே போய்விடுகிறது, அவள் எழுதியது சரிதான்.

டெல்லியிலோ துபாயிலோ இருக்கும் உங்கள் பிள்ளைகளிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். எந்த சர்வேயும் அதைக் கேட்க வரப்போவதில்லை.