பொற்குடத்தில் ஒரு துளி

தியானம் என்ற சொல் இன்று ஓர் உத்தியைக் குறிக்கிறது. முதுகை நிமிர்த்து, கண்ணை மூடு, மூச்சைக் கவனி, இருபது நிமிஷம். இதை நம் ஆதி மரபு என்று சொல்லிக் கொடுப்பவர்கள் ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள். இதே மரபுக்குள், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கத்தில், ஏறத்தாழ எழுநூறு வருஷங்களுக்கு முன்பே, தியானம் ஒரு சாதனமாவதைப் பற்றிக் கடுமையான ஆட்சேபம் எழுந்திருக்கிறது. எழுப்பியவர்கள் நாஸ்திகர்கள் அல்ல, ஆசாரியர்கள்.

ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, மோட்சத்துக்கு வழி வெறும் வாக்கியார்த்த ஞானம் அல்ல, தியானம் என்று ஸ்தாபிக்கிறார். எண்ணெய் ஒழுகுவதுபோல் அறுபடாத நினைவு. அதில் பிரியம் சேர்ந்தால் பக்தி. ஆனால் அந்த நூலின்படியே இதற்கு அதிகாரி உண்டு. வேதம் ஓதத் தகுதியில்லாத சூத்திரனுக்கு அந்த வாசல் இல்லை. பின்னால் வந்தவர்களை இந்த இடம் உறுத்தியிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

பிள்ளை லோகாசாரியர் அதே ஊரில் இருந்து ஸ்ரீவசன பூஷணத்தை எழுதுகிறார். சரணாகதிக்கு இடம், காலம், விதம், அதிகாரி என்ற நியமம் எதுவும் கிடையாது என்கிறார். அதோடு நிற்கவில்லை. பக்தியோகம் கடினம் என்பதால் மட்டும் தள்ளத்தக்கதல்ல. அது ஆத்மாவின் இயல்புக்கே விரோதம் என்கிறார். ராமானுஜரின் சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளான் சொன்னதாக ஓர் உவமையை எடுத்துக் காட்டுகிறார்: பொற்குடம் நிறையப் புனித தீர்த்தம், அதில் ஒரு துளி மது. குடத்தின்மேல் குற்றமில்லை, தீர்த்தத்தின்மேலும் இல்லை. ‘நான் செய்கிறேன், எனக்குப் பலிக்கும்’ என்கிற அந்தத் துளிதான் மொத்தத்தையும் கெடுக்கிறது. குட்டியைக் கவ்விப் போகும் பூனை, தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி என்ற பிரசித்தமான விவகாரம் இதைச் சுற்றித்தான் வளர்ந்தது. நம் இலக்கிய நண்பர்கள் ‘முறையே தடை’ என்பதை ஜே. கிருஷ்ணமூர்த்தியிடம் ஆங்கிலத்தில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். ஜங்ஷனிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் போகிற தூரத்தில், வேறு காரணத்துக்காக, வேறு பாஷையில் அது சொல்லப்பட்டிருந்தது.

உபாயம் வேண்டாம் என்றவர் சும்மா உட்கார்ந்துவிடவும் இல்லை. 1323இல் டில்லிப் படை வந்தபோது, தள்ளாத வயதில் அழகிய மணவாளனை எடுத்துக்கொண்டு வெளியேறியவர்களில் அவர் முக்கியமானவர். மதுரைக்குப் பக்கம் ஜ்யோதிஷ்குடியில் இறந்தார். விக்ரகம் ஊர் திரும்பியது 1371இல். வழிகாட்டி நூல்களில் இது வீர வரலாறாக மட்டுமே வருகிறது. பலனில் தன் பெயரை ஒட்டாமல் ஒரு காரியத்தைச் செய்யும் தத்துவத்தின் உரைகல்லாக இதைப் பார்த்தவர்கள் குறைவு.

அந்தத் தத்துவமும் தப்பவில்லை. அகங்காரத்துளியைத் தேடிக் கிளம்பிய வாதம் பிற்காலத்தில் தென்கலை வடகலை நாமச் சண்டையாகிக் கோர்ட் ஏறிற்று. ஆகவே பழையது சுத்தம், புதியது கலப்படம் என்று வாதிக்க நான் வரவில்லை.

ஆற்றுக்குத் தெற்கே, நாயக்கர் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில், விஜயரங்க சொக்கநாதரிடம் சம்பிரதியாகக் கணக்குப் பார்த்த தாயுமானவர் மலைக்கோட்டையில் மௌனகுருவைச் சந்தித்தார். குரு கொடுத்தது சும்மா இருப்பது ஒன்றுதான் என்பது மரபு. அரண்மனைக் கணக்கு அவரைப் பிடித்து வைக்க முடியவில்லை, விட்டுப் போனார்.

இன்னொரு கணக்கர் பர்மாவில். ஊ பா கின், சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல். 1952இல் ரங்கூனில் தியான மையம் நிறுவினார், தம் அலுவலக ஊழியர்களுக்கே கற்றுக் கொடுத்தார், உத்தியோகத்தை விடவில்லை. அவர் மாணவர் கோயங்கா 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பத்து நாள் விபஸ்ஸனா அந்த வழி வந்தது. இல்லறத்தார் கூட்டமாக உட்கார்ந்து தியானிப்பதே பர்மாவில் பழைய வழக்கமல்ல. 1885இல் மண்டலேயை ஆங்கிலேயர் பிடித்து ராஜாவை நாடு கடத்தினார்கள். பௌத்தத்துக்குப் புரவலன் இல்லாமல் போன பின், லெடி சயாடோ போன்ற பிக்குகள் அதை ஜனங்களின் கையில் கொடுத்தார்கள். அரசியல் நெருக்கடியில் பிறந்த ஒன்றுக்கு இன்று ‘காலாதீதம்’ என்று முத்திரை. பத்து நாள் என்பது ஒரு குமாஸ்தாவின் லீவுக் கணக்குக்குள் அடங்குகிறது என்பதையும் கவனித்திருக்கிறேன்.

2014இல் ஐ.நா. சபை ஜூன் 21ஐ யோகா தினமாக்கியது. அதன்பின் வருஷத்துக்கு ஒரு காலை வங்கிக்காரர்களும் பாயை விரிக்கிறோம். ரத்த அழுத்தம் குறைகிறதென்றால் குறையட்டும். என் ஆட்சேபம் வேறு. லோகாசாரியருக்கு ‘இதனால் எனக்கு என்ன’ என்பது தீர்த்தத்தில் விழுந்த துளி. பயிற்சி தருகிறவர்களின் துண்டுப் பிரசுரத்தில் அதுதான் குடம் நிறைய: கவனம் கூடும், தூக்கம் வரும், வேலைத் திறன் உயரும். கவுண்ட்டரில் ஆள் போதாதது என் மூச்சின் குறையாகிவிடுகிறது. தாயுமானவருக்கு மௌனம் அரண்மனையிலிருந்து வெளியேறும் வழி. எங்களுக்கு அது பத்து மணிக்கு ஸீட்டில் உட்காருவதற்கான தயாரிப்பு.

ஸ்ரீவசன பூஷணம் மணவாள மாமுனிகளின் வியாக்கியானத்தோடு அச்சில் உண்டு. மணிப்பிரவாளம் முதல் பத்துப் பக்கம் படுத்தும். நமது புதுக்கவிதைகளைவிட அதிகமாக அல்ல.