பட்டியலில் விடுபட்ட பெயர்

2004 டிசம்பர் 26 அன்று கடல் கிண்ணியா ஆஸ்பத்திரியையே அழித்துவிட்டுப் போனது. தப்பின ஆக்கள் முகாம்களுக்கு வந்தார்கள். முகாம் எண்டால் பட்டியல்: யார் இருக்கிறார், யாரைக் காணவில்லை, எந்தக் குடும்பத்துக்கு எத்தனை பாய்.

அந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றுவதற்காக, சில நாட்களுக்குள்ளேயே லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனும் தன்னார்வலர்களும் சேர்ந்து ‘சஹானா’வை எழுதத் தொடங்கினார்கள். சிங்களத்தில் நிவாரணம் எண்டு பொருள். 2005 காஷ்மீர் நிலநடுக்கத்துக்கும் அது போனது. பிறகு பைத்தனில், வெப்2பை என்ற ஃபிரேம்வேர்க்கில் புதிதாக எழுதப்பட்டு, 2010இல் ஹெயிட்டிக்கும் போனது. இலங்கை தந்த நிரல்களில் இதைப்போல உலகம் சுற்றினது வேறு இல்லை எண்டே நாங்கள் நினைக்கிறோம்.

இப்ப விஷயத்துக்கு வருவம். அதே காலத்தில்தான், 2005 ஜூலையில், ஜாங்கோ வெளியானது. கன்சாஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்த ஃபிரேம்வேர்க். நிருபர் ஒரு செய்தியை எழுதுவார், ‘சேவ்’ அழுத்துவார், தரவுத்தளத்தில் ஒரு வரி பதியும். ஓஆர்எம் எண்டு சொல்லுறது இந்த வேலையைத்தான்: நிரலில் உள்ள ஒரு ஒப்ஜெக்டை அட்டவணையில் ஒரு வரியாக மாற்றுவது. ஒரு ஆள் ஒரு படிவம் நிரப்பும் உலகத்துக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை.

முகாம் பட்டியல் அப்படி வராது. ஐயாயிரம் பெயர் ஒரே எக்செல் கோப்பில் வரும். ஒவ்வொன்றுக்கும் ‘சேவ்’ போட்டால், ஒவ்வொன்றும் சேர்வருக்குப் போய்த் திரும்பவேணும். 2009இல் பாலம் திறக்குமுன்னம் நாங்கள் திருகோணமலைக்குப் போன பாதையை நினைச்சுப் பாருங்கோ. ஒரு சைக்கிள் ஏறினாலும் முப்பது பேர் ஏறினாலும் கரைக்குப் போற நேரம் ஒன்றுதான். சேர்வர் கடல்கடந்து இருந்து, ஒரு போக்குவரத்துக்கு 200 மில்லிசெக்கன் எடுத்தால், ஐயாயிரத்துக்கு ஆயிரம் செக்கன். கிட்டத்தட்ட 17 நிமிடம்.

(2021 நவம்பர் 23ஐ இந்த உவமைக்குள் கொண்டுவர எங்களுக்கு மனமில்லை.)

எஸ்கியூஎல் மொழிக்கு இது புதுசு இல்லை. ஒரே கட்டளையில் பல வரிகளைச் சேர்க்கும் வசதி 1992ஆம் ஆண்டுத் தரத்திலேயே இருந்தது. ஓஆர்எம்தான் பிந்தியது. ஜாங்கோவில் ‘பல்க் கிரியேட்’ 2012இல், 1.4ஆம் பதிப்பில் வந்தது. ‘பல்க் அப்டேட்’ 2019 வரைக்கும் வரவில்லை. ரூபி ஒன் ரெயில்ஸுக்கும் ‘இன்சர்ட் ஓல்’ அதே 2019இல்தான் கிடைத்தது. திருத்துவது ஏன் இவ்வளவு பிந்தியது? சேர்க்கும்போது வரிகளை அடுக்கிவிட்டால் போதும். திருத்தும்போது ஒவ்வொரு வரிக்கும் வேற மதிப்பு; ‘இந்த இலக்கமெண்டால் இது, அந்த இலக்கமெண்டால் அது’ என்று நீளமான ஒரு கட்டளையை ஓஆர்எம் கட்டவேணும்.

வேகத்துக்கு விலை உண்டு. மொத்தமாகப் போகும்போது ஜாங்கோ ‘சேவ்’ முறையைக் கூப்பிடாது, சிக்னல்களை அனுப்பாது. “இந்தப் பெயர் முன்னமே இருக்கா?” என்ற சோதனையை அங்கே எழுதி வைத்திருந்தால், அது சத்தமில்லாமல் தாண்டப்படும். எங்கட பக்கம் இது சின்ன விஷயமில்லை. முகம்மது, முஹம்மத், மொஹமட் எண்டு ஒரே ஆளை மூன்று விதமாக எழுதுவார்கள். ஒரு தெருவில் நாலு பாத்திமா இருப்பார்கள். தண்ணியில அடையாள அட்டை போன ஆளிடம் இலக்கம் கேட்க முடியாது, சின்னப் பிள்ளைக்கு அட்டையே கிடையாது.

2019இல் ‘பல்க் கிரியேட்’டுக்கு இன்னொரு விருப்பமும் வந்தது: மோதல் வந்தால் அந்த வரியை விட்டுவிட்டுப் போ. பெயரும் முகாமும் சேர்ந்து தனித்துவமாக இருக்கவேணும் எண்டு யாராவது விதி வைத்திருந்தால், இரண்டாவது பாத்திமா பதியப்படமாட்டார். பிழைச் செய்தி வராது. திரும்பி வரும் ஒப்ஜெக்டுகளைப் பார்த்து யார் ஏறினார், யார் கரையில் நிற்கிறார் எண்டு பிரிக்கவும் ஏலாது. 2022இல் 4.1ஆம் பதிப்பு, மோதினால் பழைய வரியைத் திருத்து என்ற வழியையும் தந்தது. அதே விதியோடு அதைப் போட்டால், இரண்டாவது பாத்திமாவின் விபரம் முதலாமவரின் மேல் எழுதப்படும்.

சஹானாவின் பைத்தன் பதிப்பு, கோப்பை இறக்கும்போது ஒரே ஆள் இரண்டு தரம் வருகிறாரா எண்டு பார்க்கும் படியை விட்டுவிடவில்லை. நேரம் கூடப் போகும்தான். பட்டியல் நிவாரணத்துக்கெண்டால், ஏற்றுமுன் கோப்பில் எத்தனை வரி, ஏற்றினபின் அட்டவணையில் எத்தனை வரி கூடியிருக்கிறது எண்டு எண்ணுவது ஒரு கட்டளைதான். கணக்கு இடித்தால், காகிதத்தை எடுத்துப் பெயர் பெயராகப் பார்க்கவேணும்.