பெங்களூரில் அழுத பேராசிரியர்

பெங்களூர் என்றால் நம் காஞ்சிபுரத்துப் பெரியவர்களுக்கு முதலில் பட்டு நூல்தான் ஞாபகம் வரும். அடுத்தது, பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்ச் சேர்ந்த ஊர். அதே ஊரில்தான் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்று ஜனங்கள் சொல்லும் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. 1933ல் அதற்கு முதல் இந்திய டைரக்டராக வந்தவர் சர் சி.வி. ராமன், நம் திருவானைக்காவலில் பிறந்தவர். அவர் காலத்தில் அங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் ஜெர்மனிக்குப் போய் வரலாம்.

கெட்டிங்கன் சின்ன ஊர். ஆனால் கணக்குக்கும் பௌதிகத்துக்கும் உலகமே அங்கேதான் போகும். மாக்ஸ் போர்ன் 1904ல் அங்கே மாணவராகச் சேர்ந்தார். பிரெஸ்லாவ் நகரத்து யூதக் குடும்பம். ஜெர்மன் மாணவர் சங்கங்கள் பலவற்றில் அப்போதே யூதப் பையன்களுக்கு இடம் கிடையாது. போர்னுக்கு நெருங்கிய நண்பர்கள் டோப்ளிட்ஸ், ஹெல்லிங்கர் என்று அவர் ஊர் யூத மாணவர்கள்தான். பிறகு 1914ல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். 1921ல் அதே கெட்டிங்கனில் பேராசிரியரும் ஆனார்.

1933ல் ஹிட்லர் வந்தான். ஏப்ரல் 7ஆம் தேதி ஒரு சட்டம்: அரசுப் பணியை மீண்டும் சீர்ப்படுத்துவதற்கானது என்று பெயர். சர்க்கார் ஆபீசில் ஆயுசு முழுக்கக் கோப்பு எழுதியவன் நான். இப்படிப்பட்ட தலைப்பைப் பார்த்தாலே உள்ளே யார் தலை உருளப் போகிறது என்றுதான் கண் தேடும். உருண்டது யூதர்கள் தலை. அந்த மாதமே போர்ன் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஞானஸ்நானம் கணக்கில் வரவில்லை, பாட்டன் பாட்டி யார் என்பதே கேள்வி. அதே ஏப்ரல் 25ல் இன்னொரு சட்டம். அது மாணவர்களுக்கு. பள்ளி, கல்லூரிகளில் 'நெரிசலை' குறைக்கிறார்களாம். புதிதாகச் சேருகிறவர்களில் யூதர்கள் நூற்றுக்கு ஒன்றரைப் பேர்தான் இருக்கலாம்.

எதிர்த்தவர்களும் உண்டு. ஜேம்ஸ் பிராங்க், நோபல் பரிசு வாங்கிய யூதப் பேராசிரியர். முதல் உலக யுத்தத்தில் போரிட்டவர் என்பதால் சட்டம் அவரை விட்டுவைத்தது. எனக்கு இந்தச் சலுகை வேண்டாம் என்று வெளிப்படையாக ராஜினாமா செய்தார். உடனே கெட்டிங்கன் ஆசிரியர்கள் 42 பேர் கையெழுத்துப் போட்டு, ராஜினாமாவை நாசவேலை என்று அறிக்கை விட்டார்கள். நவம்பரில் லாண்டாவ் என்ற கணித ஆசிரியர் பாடம் நடத்த வந்தபோது மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். முன்னின்றவன் டைஷ்முல்லர், இருபது வயதுப் பையன், கணிதத்தில் மேதை. அத்தனை படிப்பும் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

நான் பிரெஞ்சில் படித்தவன். த்ரேஃபூஸ் என்ற யூத ராணுவ அதிகாரிக்கு நேர்ந்த அநியாயத்தையும், அது கடைசியில் திருத்தப்பட்டதையும் எங்கள் வாத்தியார் பெருமையாகச் சொல்லுவார். அதே பிரான்சில் 1941 ஜூனில் விஷி அரசாங்கம் யூத மாணவர்களுக்கு நூற்றுக்கு மூன்று என்று வரம்பு கட்டியதை அவர் சொன்னதில்லை. நல்லவேளை, புதுச்சேரி 1940 செப்டம்பரிலேயே தெகோல் பக்கம் போய்விட்டது.

போர்ன் இத்தாலி வழியாக கேம்பிரிட்ஜ் போனார். அங்கே கிடைத்தது தற்காலிக வேலை. ராமன் அழைக்க, 1935 கடைசியில் மனைவி ஹெடியோடு பெங்களூர் வந்து ஆறு மாதம் போலப் பாடம் நடத்தினார். அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் விரும்பினார். விஷயம் ஆசிரியர் கூட்டத்துக்கு வந்தது. போர்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட இரண்டாம் தரமான வெளிநாட்டுக்காரர் நமக்குப் போதாது என்ற பொருளில் பேசினாராம். போர்ன் வீட்டுக்கு வந்து ஹெடியிடம் அழுதுவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஆஸ்டன் குடும்பத்தோடு பழகியவர்கள் வேறு, அந்த வருத்தமும் சேர்ந்துகொண்டது.

ஆஸ்டனுக்கு யூதர் மேல் வெறுப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே பலருக்கு ராமன் மேல்தான் கோபம், பௌதிகத்துக்கே எல்லாம் செய்கிறார் என்று. ராமனை அடிக்கக் கையில் கிடைத்த கழி, அகதியாக வந்தவர். 'துரத்தப்பட்டவர்' என்பதே தகுதிக் குறைவு ஆகிவிட்டது பாருங்கள்! ஹிட்லர் செய்த காரியத்தை அவர் மேலேயே குற்றமாக எழுதிய மாதிரி. 'யூதர்' என்ற சொல் வரவே இல்லை. கோப்பில் 'தரம்' என்று எழுதிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

வேலை கிடைக்கவில்லை. 1936ல் எடின்பரோ பல்கலைக்கழகம் போர்னைக் கூப்பிட்டுக்கொண்டது. மறுவருஷம் ராமனே டைரக்டர் பதவியை விட வேண்டி வந்தது. அந்த 'இரண்டாம் தரம்' 1954ல் நோபல் பரிசு வாங்கியது.

ராமனும் போர்னும் பிற்பாடு சண்டை போட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிகங்களில் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பதில் போர்னின் கொள்கை தப்பு என்று ராமன் வருஷக்கணக்கில் எழுதினார். போர்னும் விடவில்லை. கடைசி வரை ராமன் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை படிகத்தைப் பற்றியது.