ஸ்பாஞ்சுக்கு எண்ணெய் ஊட்டும் வழக்கம்

1952ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற உலக மேசைப்பந்தாட்டப் போட்டி, ஆசியாவில் நடந்த முதல் உலகப் போட்டி என்பதைக் காட்டிலும், ஜப்பானிய வீரர் ஹிரோஜி சாத்தோ தம் மட்டையில் ஒட்டிக்கொண்டுவந்த தடித்த ஸ்பாஞ்சுக்காகவே இன்றளவும் பேசப்படுகிறது. ஸ்பாஞ்ச் என்பது நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நிறைந்த ரப்பர் மெத்தை. அதுவரை வழக்கிலிருந்த, சிறு புள்ளிகள் புடைத்த வெறும் ரப்பரில் பந்து மோதும் ஓசையைக் கொண்டே எதிராளி அடியின் வேகத்தைக் கணித்துவந்தார். சாத்தோவின் மட்டையோ ஓசையின்றிப் பந்தை உள்வாங்கி விசையோடு திருப்பியதால், அமெரிக்காவின் மார்ட்டி ரைஸ்மன் போன்ற தேர்ந்த ஆட்டக்காரர்களும் தடுமாறித் தோற்றனர். இறுதியாட்டத்தில் ஹங்கேரியின் யோசெப் கோசியானும் வீழ்ந்தார்.

இதனால் எழுந்த சர்ச்சை ஏழாண்டு நீடித்தது. 1959இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு வெறும் ஸ்பாஞ்சைத் தடைசெய்து, அதன்மேல் புள்ளி ரப்பர்த் தாளை ஒட்டி, பசை உட்பட நான்கு மில்லிமீட்டருக்கு மிகாமல் பயன்படுத்த இசைந்தது.

தடிமனுக்கு எல்லை வகுக்கப்பட்டபின் வீரர்களின் கவனம் அதே தடிமனுக்குள் விசையைக் கூட்டுவதில் திரும்பியது. 1970களில், யுகோஸ்லாவியாவின் திராகுட்டின் ஷூர்பெக், ஹங்கேரியின் திபோர் கிளாம்பார் ஆகியோர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் ஒரு முறை பரவியது: சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போடும் பசையைத் தடவினால் மட்டை புதுவேகம் பெறும் என்பதே அது. குமரி மாவட்டத் தோட்டங்களில் வடிக்கப்படும் பாலிலிருந்து கிடைப்பது போன்ற இயற்கை ரப்பர், நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளின் வலை. பெட்ரோலியக் கரைப்பான் அவ்வலைக்குள் புகுந்தால் அது விரியும். தூத்துக்குடியில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்போர் டீசலில் ஊறி உப்பிய ரப்பர் வாசரில் காண்பதும் இதே மாற்றமே. மட்டையில், உப்பிய ஸ்பாஞ்ச் மேலேயுள்ள தாளை இழுத்து விறைப்பாக்க, பந்தின் வேகமும் சுழற்சியும் ஒருசேரக் கூடின. ஆயினும் கரைப்பான் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடுவதால் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் புதிதாகப் பூச வேண்டியிருந்தது. இளஞ்சிறார் உட்பட அனைவரும் அந்த நெடியை மூடிய அறைகளில் சுவாசித்தனர் என்பதே இவ்வரலாற்றின் மிக வருந்தத்தக்க பகுதியாகும்.

உடல்நலம் கருதி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்தவுடன், செப்டம்பர் முதல் நாளிலிருந்து அப்பசை தடைசெய்யப்பட்டு, நீரை அடிப்படையாகக் கொண்ட பசை இடம்பிடித்தது. 2006இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் தனிநபர் தங்கம் வென்ற சென்னை வீரர் அ. சரத் கமல், 2022இல் பர்மிங்காமில் மீண்டும் அதே தங்கத்தை வென்றபோது, விளையாட்டின் கருவியே இவ்வாறு மாறியிருந்தது. இரு காலத்துக்கும் தம் ஆட்டத்தைப் பொருத்திக்கொண்ட அவரது திறன் தனியே ஆராயத்தக்கது.

தடைக்குப்பின் பரவியதே பூஸ்டர் எனப்படும் எண்ணெய். எளிதில் ஆவியாகாத இதனை ஸ்பாஞ்சின் அடிப்புறத்தில் பூசி ஊறவிட்டால், உப்பல் வாரக்கணக்கில் நிற்கும். வாங்கிய ரப்பரை வீரர் எவ்வகையிலும் பதப்படுத்தலாகாது என்று விதி கூறினாலும், ஆலையிலேயே இழுவிசை ஏற்றி விற்கப்படும் ரப்பர்களுக்கு அங்கீகாரம் உண்டு; இவ்வேறுபாடு நேர்மையான வீரருக்கே பாதகமாக முடிகிறது. நடுவர்களிடமுள்ள கருவிகள் தடிமனையும் தட்டைத்தன்மையையும் ஆவியையும் அளக்கின்றன. அளவோடு பூசப்பட்டு, மட்டையில் தட்டையாக ஒட்டப்பட்ட ரப்பரிலுள்ள எண்ணெய் இம்மூன்றிலும் பிடிபடுவதில்லை.