ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்து

ஜனவரி 5 வந்தால் எனக்கு ஒரு பழைய உறுத்தல். இந்த வயதில் அதைச் சொல்லிவிடுவதே நல்லது.

1993ஆம் ஆண்டு. எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் டைப்பிங் தெரியும் என்பதால் அந்தப் பெட்டியை என் தலையில் கட்டினார்கள். அன்று காலை கணினியைப் போட்டதும் திரை அப்படியே நின்றுவிட்டது. ‘ஹேப்பி பர்த்டே ஜோஷி’ என்று டைப் செய்யும்படி ஒரு வரி. எங்கள் அலுவலகத்தில் ஜோஷி என்று யாருமே கிடையாது!

பயந்துபோய் வெளியாள் ஒருவரை அழைத்தோம். அவர் ஹார்டு டிஸ்க்கை முழுவதும் அழித்துக் கொடுத்தார். ஆறு மாதமாக நான் ஏற்றியிருந்த குடும்ப ஓய்வூதியப் பட்டியலும் அதோடு போயிற்று. நகல் எடுத்து வைக்கவில்லை. பேரேட்டைப் பார்த்து மறுபடி ஏற்ற இரண்டு மாதம் பிடித்தது. ஜவ்வாது மலையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு விதவைத் தாயார், “இன்னும் வரலீங்களா ஐயா?” என்று கேட்டுவிட்டு மூன்று முறை வெறுங்கையோடு திரும்பினார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அது ‘ஜோஷி’ வைரஸ். 1990இல் இந்தியாவில் கண்டறியப்பட்டது. பிளாப்பியை உள்ளேயே விட்டுவிட்டுக் கணினியைப் போட்டால் தொற்றிக்கொள்ளும். ஜனவரி 5 அன்று வாழ்த்துக் கேட்கும். கேட்டபடி டைப் செய்திருந்தால் விட்டிருக்கும்! வேறோர் அலுவலகத்திலிருந்து அந்தப் பிளாப்பியைக் கொண்டுவந்தவன் நான். பட்டியலை அழித்தது வைரஸ் அல்ல, எங்கள் பதற்றம்.

அதற்கும் முன்னால் 1986இல் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் ‘பிரெய்ன்’ வைரஸை எழுதினார்கள். தங்கள் மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களைப் பிடிக்கவாம். அதற்குள் சொந்தப் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் வைத்திருந்தார்கள்! 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பில் மின்னஞ்சல் கிளம்பியது. காதல் கடிதம் என்று திறந்தவர்கள் லட்சக்கணக்கில் மாட்டினார்கள்.

2017 மே 12இல் வந்த ‘வான்னாக்ரை’ யாரும் எதையும் திறக்காமலே பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பக்கத்து ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள்.

2019இல் நம் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றிலும் இப்படி ஒன்று நுழைந்தது. உலையை இயக்கும் அமைப்பு அதோடு இணைக்கப்படாமல் தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை.

பள்ளியில் பாஸ்டரைப் பற்றிப் படித்தோம். 1885இல் நாய் கடித்த சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டவர். ஆன்டிவைரஸும் ஒருவகைத் தடுப்பூசிதான். ஏற்கெனவே தெரிந்த வைரஸின் அடையாளத்தை வைத்தே பெரும்பாலும் பிடிக்கிறது. புது வைரஸ் நாள்தோறும் வருவதால் அதையும் புதுப்பித்தபடி இருக்கவேண்டும். விண்டோஸ் 10, 11இல் டிஃபெண்டர் கூடவே வருகிறது. நம் வீட்டுக் கணினிக்கு அது போதும். இரண்டு ஆன்டிவைரஸ் வைத்தால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொன்று. இப்போது கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள். போன் போட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள்.

நான் ஞாயிறுதோறும் முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் நகல் எடுத்து, உடனே கழற்றிப் பீரோவில் வைத்துவிடுவேன். செருகியே வைத்தால் வைரஸ் அதையும் தின்றுவிடும்.

அந்தத் தாயாருக்கு மார்ச் மாதம் பணம் கிடைத்தது. வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.